பேதுருவுக்குப் பத்தொன்பது

லீஸ்பெத் கதவைத் தட்டவில்லை. தள்ளினாள். தள்ளிய வேகத்தில் கதவில் மாட்டியிருந்த மழைக்கோட்டு கழன்று, பக்கத்தில் உட்கார்ந்திருந்த யோரிஸின் மடியில் விழுந்தது. மடியில் உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலம் இருந்தது. மயோனைஸ் மொத்தமும் கோட்டுக்குப் போனது.

"உள்ளே வரலாமான்னு கேட்டீங்களா? வாங்க," என்றான் யோரிஸ்.

"துப்பறியிற ஹெர்லிண்டா மேடம் எங்கே?"

"காபி குடிக்கிறவங்க மேடம். கோட்டைத் துடைக்கிறவன் அசிஸ்டென்ட்."

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஹெர்லிண்டா கோப்பையைக் கீழே வைத்தாள். இருபத்திரண்டு வருடம் பெல்ஜிய ரயில்களில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவள். டிக்கெட் இல்லாதவனை நெற்றியைப் பார்த்தே கண்டுபிடிப்பாள். ஓய்வு பெற்றதும் ஸ்டால்பேக் ஊரில் வறுவல் கடைக்கு மேல் மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தாள். ஊரில் பீரைத் தொடாத ஒரே ஆள் அவள்தான். அந்த ஒரு காரணத்துக்காகவே பாதி ஊர் அவளைச் சந்தேகமாகப் பார்க்கும்.

"உக்காருங்க. பூட்ஸைக் கழட்ட வேண்டாம்," என்றாள் ஹெர்லிண்டா. "டி க்ரூக் பீர் ஆலை முதலாளி ரப்பர் பூட்ஸோட ஊருக்குள்ள ஓடி வர்றாங்கன்னா, பீருக்கு வெச்ச மால்ட் தானியம் அடுப்பிலேயே கிடக்குன்னு அர்த்தம். சொல்லுங்க."

லீஸ்பெத் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். லிண்டர்டால் மடம் நாற்பது வருடமாகத் தன் பெயரையும் கோபுரப் படத்தையும் டி க்ரூக்கின் பீருக்கு இரவல் கொடுத்து வந்தது. ஒப்பந்தம் இன்றோடு முடிகிறது. இந்த முறை மடாதிபதி புதிதாக ஒரு வழி பண்ணினார். மூன்று பொன்னிற பீர்கள், லேபிள் இல்லாத புட்டிகளில். வெளியிலிருந்து மூன்று நடுவர்கள். எது முதலில் வருகிறதோ அதற்குத்தான் அடுத்த பத்து வருடம் மடத்தின் பெயர். எது யாருடையது என்று தெரியாதபடி பீர்களுக்குப் பேதுரு, பவுல், தோமா என்று பெயர் வைத்துவிட்டார்கள். ருசி பார்ப்பது காலையில் முடிந்தது. நாலு மணிக்கு ஊர்ச் சதுக்கத்தில் அறிவிப்பு.

"பன்னெண்டு மணிக்கு ஃபாதர் அன்செல்ம், எது யாரோடதுன்னு எழுதியிருந்த உறையைப் பிரிச்சுட்டு என்னைத் தனியா கூப்பிட்டார். நான்தான் பேதுருவாம். கடைசியாம். மேடம், ஒருத்தர் என் பீருக்கு நூத்துக்குப் பத்தொன்பது போட்டிருக்கார். பத்தொன்பது! பாத்திரம் கழுவின தண்ணிக்குக்கூட இருபது கிடைக்கும்!"

"பேதுரு பாவம்," என்றான் யோரிஸ். "அன்னிக்கு அவர் இயேசுவை மறுதலிச்சார். இன்னிக்கு அவரையே மறுதலிச்சுட்டாங்க."

லீஸ்பெத் அவனைப் பார்த்த பார்வையில் அவன் மறுபடி கோட்டைத் துடைக்கப் போய்விட்டான்.

"மடத்துப் பேரு போனா என்ன ஆகும்?" ஹெர்லிண்டா கேட்டாள்.

"பதினேழு பேர் வேலை செய்யறாங்க. லேபிள்ல கோபுரம் இல்லேன்னா எந்தக் கடையும் எங்க புட்டியை அலமாரியில வைக்காது. நான் கெட்ட பீர் காய்ச்சியிருந்தா வாயை மூடிட்டுப் போயிடுவேன். ஆனா இது நான் காய்ச்சினதிலேயே நல்ல பீர்!" பூட்ஸ் காலால் தரையை உதைத்தாள். "யாரோ என்னவோ பண்ணியிருக்காங்க."

ஹெர்லிண்டா கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்றே முக்கால். "யோரிஸ், கோட்டு போதும். கார் சாவி எங்கே?"

"மயோனைஸ்ல," என்றான் யோரிஸ்.

மடாதிபதி அன்செல்ம் உருண்டையான மனிதர். நல்ல செய்தி கிடைத்தவரைப் போல நடந்தார். துப்பறிபவர் வந்திருக்கிறார் என்றதும் கோபப்படவில்லை. மாறாக, ஏற்பாட்டைப் பெருமையாகவே சுற்றிக் காட்டினார்.

ஒரு நீண்ட கூடம். அடுத்தடுத்து மூன்று சிற்றறைகள். ஒவ்வொரு கதவிலும் சாப்பாட்டுத் தட்டு நுழையும் அளவுக்கு ஒரு சின்னத் திட்டிவாசல்.

"நடுவருங்க ஒருத்தரை ஒருத்தர் பார்க்கக் கூடாது. கையெழுத்தும் தெரியக் கூடாது. அதனால உள்ளே உட்கார்ந்து குடிச்சுட்டு, இந்த வழியா எண்ணை மெதுவா வாயால சொல்லுவாங்க. வெளியில பிரதர் தெயோஃபில் எழுதிப்பார். ஒரு தடவை சொன்ன எண்ணை மறுபடி யார்கிட்டயும் சொல்றதில்லேன்னு சத்தியம் வாங்கியாச்சு. எப்படி?"

"பாவசங்கீர்த்தனம் மாதிரியே இருக்கு ஃபாதர்," என்றான் யோரிஸ். "குடிச்சுட்டுப் பண்றதுதான் புதுசு."

பிரதர் தெயோஃபில் சுவரோரம் நின்றிருந்தார். ஒல்லியானவர், ஐம்பது வயதிருக்கும். பிரெஞ்சு பேசும் நமூர் பக்கத்துக்காரர். ஃப்ளெமிஷ் பேசும் இந்த மடத்துக்கு வந்து பதினோரு மாதம்தான் ஆகிறது.

"பாஷை பழகிடுச்சா பிரதர்?" என்றாள் ஹெர்லிண்டா.

"கொஞ்சம் கொஞ்சம்," என்றார் அவர், தரையைப் பார்த்தபடி.

மதிப்பெண் தாளை மடாதிபதி மேசையில் விரித்தார். ப்ராம் மதுக்கடை வைத்திருக்கும் ஃப்ளெமிஷ்காரர். மத்தில்த் தினான் ஊரில் பாலாடைக்கட்டி செய்பவர், பிரெஞ்சு பேசுபவர். குந்தர் ஜெர்மன் பேசும் கிழக்குக் கோடியிலிருந்து வந்த ஓய்வு பெற்ற தபால்காரர். தாளில் இப்படி இருந்தது:

பேதுரு: ப்ராம் 19, மத்தில்த் 88, குந்தர் 29. கூட்டு 136.
பவுல்: ப்ராம் 55, மத்தில்த் 58, குந்தர் 66. கூட்டு 179.
தோமா: ப்ராம் 92, மத்தில்த் 31, குந்தர் 83. கூட்டு 206.

"மத்தில்த் அம்மா மட்டும் தனி ரயில்ல போறாங்களே," என்றான் யோரிஸ்.

மடாதிபதி தொண்டையைக் கனைத்தார். "நான் சொல்லலே. ஆனா அந்த எண்பத்தெட்டைப் பார்த்தா, டி க்ரூக் அவங்களைக் கவனிச்சிருக்குமோன்னு நாலு பேர் பேசத்தான் செய்வாங்க."

"கவனிச்சாங்களா?" லீஸ்பெத் மேசையைக் குத்தினாள். "அந்த அம்மா மூஞ்சியையே நான் பார்த்ததில்லே!"

"பீரோட மூஞ்சியைப் பார்ப்போம்," என்றாள் ஹெர்லிண்டா. "புட்டி ஏதாவது மிச்சம் இருக்கா ஃபாதர்?"

ஒவ்வொன்றிலும் ஒரு புட்டி இருந்தது. ஹெர்லிண்டா யோரிஸைப் பார்த்தாள். தொழிலில் இதற்காகத்தானே இத்தனை நாள் காத்திருந்தேன் என்பதுபோல அவன் சட்டைக் கையை மடித்துவிட்டான்.

துப்பறிய வருமுன் பதினைந்து வருடம் பரிமாறுபவனாக இருந்தவன் அவன். அந்த ஒரு விஷயத்தில் அவன் விளையாட மாட்டான். மூன்று கோப்பைகளைக் குளிர்ந்த நீரில் அலசினான், துடைக்கவில்லை. கோப்பையைச் சாய்த்து, புட்டியின் கழுத்து படாமல், மெல்ல ஊற்றினான். அடியில் தங்கிய ஈஸ்ட் வண்டலை ஒரு விரல் அளவு புட்டியிலேயே விட்டான். மூன்றையும் ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தான். முதலில் பேதுருவை முகர்ந்தான். குடித்தான். கண்ணை மூடினான்.

"யோரிஸ்?"

"கொஞ்சம் இருங்க பாஸ், பேச மனசு வரலே." இன்னொரு வாய் குடித்தான். "ஆரஞ்சுத் தோல் வாசம். அடியில லேசா கிராம்பு. தேன் மாதிரி ஆரம்பிச்சு, இனிப்பு திகட்டறதுக்குள்ள சுத்தமா கசந்து முடியுது. நுரையைப் பாருங்க, கோப்பை ஓரத்துல சரிகை மாதிரி ஒட்டிட்டு நிக்குது. தொண்ணூறு."

லீஸ்பெத்துக்குக் கண் கலங்கியது. அடுத்து யோரிஸ் பவுலைக் குடித்தான். "குறை சொல்ல ஒண்ணுமில்லே. நிறை சொல்லவும் ஒண்ணுமில்லே. அரசாங்க ஆபீஸ்ல காய்ச்சினாப்ல இருக்கு. ஐம்பத்தேழு."

தோமாவை வாயில் வைத்தான். விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு தைரியமாக விழுங்கினான்.

"ஈர நாய். மழையில நனைஞ்ச நாயை அட்டைப் பெட்டியில போட்டு மூடி வெச்ச வாசனை. முடிவுல காடி. ஃபாதர், இதுக்குத் தொண்ணூத்திரண்டு போட்டவருக்கு நாக்கு இருக்கான்னு பார்த்தீங்களா? முப்பது. அதுவும் நாய்க்காக."

சுவரோரம் பிரதர் தெயோஃபிலுக்குக் காது சிவந்தது. மடாதிபதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஹெர்லிண்டா இதையெல்லாம் கேட்டாளா என்றே தெரியவில்லை. தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று சிரித்தாள்.

"மூணு நடுவரும் பவுல் விஷயத்துல மட்டும் ஒத்துப்போறாங்க. ஏன்?"

"பவுல் நல்ல மனுஷன்," என்றான் யோரிஸ்.

"ஐம்பத்தஞ்சு. அறுபத்தாறு. ரெண்டும் இரட்டைப் பிள்ளைங்க. திருப்பிப் போட்டாலும் அதே முகம்." பென்சிலை எடுத்தாள். "யோரிஸ், எங்க ரயில்ல இருக்கைச் சண்டை எப்படி வரும்னு உனக்குச் சொல்லியிருக்கேன்."

யோரிஸின் வாய் மெல்லத் திறந்தது. "நாற்பத்தேழை நம்ம ஃப்ளெமிஷ்ல 'ஏழும் நாற்பதும்'னு சொல்வோம். பிரெஞ்சுக்காரன் காதுல முதல்ல ஏழுதான் விழும். ஏழை எழுதிட்டு நாலைப் பக்கத்துல போட்டுப்பான். நேரா போய் எழுபத்துநாலாம் இருக்கையில இருக்கிற பாதிரியார் மடியில உக்காருவான்!"

"ஜெர்மன்லயும் அதே வழக்கம்தான். இப்போ ப்ராமையும் குந்தரையும் மட்டும் திருப்பிப் போடு."

பென்சில் ஓடியது. பேதுருவுக்கு 91, 88, 92. கூட்டு 271. தோமாவுக்கு 29, 31, 38. கூட்டு 98. பவுல் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

லீஸ்பெத் யோரிஸைக் கட்டிக்கொண்டாள். அவனிடமிருந்து பீர் நெடியும் மயோனைஸ் நெடியும் சேர்ந்து வந்ததை அவள் பொருட்படுத்தவில்லை.

அதற்குள் பிரதர் தெயோஃபில் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். "என் தப்பு! என் பாழாப்போன ஃப்ளெமிஷ்! காதுல விழுந்த வரிசையிலேயே எழுதிட்டேன். ஃபாதர், மன்னிச்சிடுங்க. பாஷை தெரியாதவன் நான்."

மடாதிபதி அவர் தோளில் கைவைத்தார். "இந்த நாட்டுல யார் பண்ணாத தப்பு இது? என் பல் டாக்டர்கூட ஒரு தடவை வேற பல்லைப் பிடுங்கிட்டார்." பிறகு பெருமூச்சு விட்டார். "ஆனா விதி விதிதான். எழுதினதுல குழப்பம்னா தேர்வே செல்லாது. எது சரி, எது திரும்பினதுன்னு நாம ஊகிக்கக் கூடாது. நடுவருங்களையும் கேக்க முடியாது, சத்தியம். ஈஸ்டருக்கு மறுபடி வைப்போம். அதுவரைக்கும் பேரு மடத்துகிட்டயே இருக்கட்டும்."

லீஸ்பெத்தின் கை யோரிஸின் தோளிலிருந்து நழுவியது. "ஈஸ்டருக்கா? ஆறு மாசம் இருக்கே ஃபாதர்! ஆறு மாசம் பேரில்லாம நான் எதை விப்பேன்? ஈஸ்டருக்கு நீங்க கூப்பிடறப்போ ஆலைக் கதவுல பூட்டுதான் தொங்கும்."

"எனக்கு வேற வழி தெரியலேம்மா," என்றார் அவர். உண்மையிலேயே வருத்தமாகத்தான் சொன்னார்.

வெளியே மழை தூறியது. யோரிஸ் காரை நோக்கி நடந்தான். "போச்சு பாஸ். குற்றவாளியே இல்லாத கேஸ். இலக்கணத்தையா கைது பண்ண முடியும்?"

"இருபத்திரண்டு வருஷத்துல ஒண்ணு கத்துக்கிட்டேன்," என்றாள் ஹெர்லிண்டா. "டிக்கெட் தொலைச்சவன் பையைத் துழாவுவான். டிக்கெட்டே வாங்காதவன்தான் நான் கேக்கறதுக்கு முன்னாடியே காரணம் சொல்லுவான். அந்த பிரதரை நான் ஒரு வார்த்தை கேக்கலே. வா, எதிர்க் கடைக்கு."

மடத்து வாசலுக்கு எதிரே இருந்த மதுக்கடையில் மூன்று நடுவர்களும் நாலு மணிக்காகக் காத்திருந்தார்கள். நடுவில் பாலாடைக்கட்டித் துண்டுகளும் கடுகுச் சாந்தும் இருந்தன. ஹெர்லிண்டாவைக் கண்டதும் ப்ராம் தன் பெரிய கையைத் தடுப்பாக நீட்டினார்.

"மேடம், எண்ணைக் கேக்காதீங்க. சத்தியம் பண்ணியிருக்கோம்."

"எண் எனக்கு வேண்டாம். உங்க பீரும் வேண்டாம். ஒரே ஒரு கேள்வி. எந்த மொழியில சொன்னீங்க?"

ப்ராம் தயங்கிவிட்டுச் சிரித்தார். "எனக்குத் தெரிஞ்சதே ஒண்ணுதான். ஃப்ளெமிஷ்."

"பிரெஞ்சு," என்றார் மத்தில்த்.

"நீங்க, குந்தர்?"

தபால்காரர் கடுகுச் சாந்தை ஒழுங்காகத் தடவி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். "இங்கே எங்க ஜெர்மன் யாருக்கு மேடம் புரியுது? எழுதறவர் நமூர் பக்கத்துக்காரர்னு சொன்னாங்க. பாவம், சிரமப்படுத்துவானேன்னு நான் பிரெஞ்சுலயே சொல்லிட்டேன்."

யோரிஸ் திருட்டுத்தனமாக வாயில் போட்ட பாலாடைக்கட்டித் துண்டு, மெல்லப்படாமல் அங்கேயே நின்றது. பிரெஞ்சில் தொண்ணூற்றிரண்டு என்பது தொண்ணூறும் இரண்டும்தான். தாய்மொழியில் நேராகக் காதில் விழுந்த எண்ணை எந்த மனிதனும் தலைகீழாக எழுத மாட்டான்.

"ரொம்ப நன்றி," என்றாள் ஹெர்லிண்டா. "யோரிஸ், விழுங்கிட்டு வா."

திரும்பி வந்தபோது மணி மூன்று நாற்பது. சதுக்கத்தில் குடைகள் கூடத் தொடங்கியிருந்தன. மடாதிபதியின் அறையில் லீஸ்பெத் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள். பிரதர் தெயோஃபில் அறிவிப்புத் தாளை மடித்துக்கொண்டிருந்தார்.

"பிரதர்," என்றாள் ஹெர்லிண்டா பிரெஞ்சில், "குந்தர் உங்ககிட்ட எந்த மொழியில பேசினார்?"

தெயோஃபிலின் கை நின்றது.

"ப்ராம் விஷயத்துல உங்களை யாரும் சந்தேகப்பட முடியாது. அதுதான் இந்தத் திட்டத்தோட அழகு. ஊரே சிரிச்சு மன்னிக்கிற தப்புக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டீங்க. ப்ராமை மட்டும் திருப்பியிருந்தா நான் இப்போ வீட்டுக்குப் போயிருப்பேன். ஆனா கூட்டிப் பார்த்தேன். ஒருத்தரை மட்டும் திருப்பினா பேதுரு நூத்தித் தொண்ணூத்தொன்பது, தோமா நூத்தி அறுபத்தொண்ணு. அப்பவும் பேதுருதான் முன்னால. அதனால குந்தரையும் திருப்ப வேண்டியதாப் போச்சு. ஜெர்மன்காரர்தானே, யார் விசாரிக்கப் போறாங்கன்னு நினைச்சீங்க. ஆனா அவர் உங்ககிட்ட பேசினது பிரெஞ்சு."

"ஏன்?" லீஸ்பெத் எழுந்துவிட்டாள். "எவனோ காய்ச்சின நாத்தம் பிடிச்ச பீருக்காக என் பொழைப்பைக் கெடுக்கப் பார்த்தீங்களா? உங்களுக்கும் எனக்கும் என்ன பகை?"

பதில் சொன்னவர் மடாதிபதி. நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். அந்த உருண்டை முகம் ஒரு நிமிடத்தில் வற்றிப்போயிருந்தது.

"எவனோ இல்லேம்மா. தோமா இந்த மடத்தோட பீர். சலவைக் கொப்பரையில, பதினோரு மாசமா, இவர்தான் காய்ச்சினார். எனக்குத் தெரியும். தெரிஞ்சும் இவரையே எழுத வெச்சேன். கூட்டுத்தொகையைப் பார்த்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். சந்தோஷத்துல ஒரு கேள்விகூடக் கேக்கத் தோணலே."

யோரிஸுக்கு ஈர நாய் ஞாபகம் வந்தது. காது சிவந்த அந்த மனிதனுக்கு எதிரிலேயே நின்று சொல்லியிருந்தான். அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"வெளியில உக்கார்ந்து என் காதால கேட்டேன்," என்றார் தெயோஃபில். தாளைப் பார்த்தே பேசினார். "ப்ராம் என் பீரைக் குடிச்சார். காறித் துப்பற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் இருபத்தொன்பதுன்னார். அப்போ சரியாத்தான் எழுதினேன். சாமி சத்தியமா சரியாத்தான் எழுதினேன். மூணு பேரும் முடிச்சதும் நல்லாப் பிரதி எடுக்க உக்கார்ந்தேன். ரெண்டையும் ஒன்பதையும் இடம் மாத்தினா போதும்னு கை சொல்லுச்சு. புது எண் ஒண்ணும் போடலியே, அவங்க சொன்ன அதே எண்தானேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். இந்த அம்மாவோட ஆலையில வேலை செய்யற ஆளுங்களை நான் நினைக்கவே இல்லே. அதுதான் பெரிய பாவம்."

கோபுரத்தில் மூன்றே முக்கால் அடித்தது.

"உண்மையான எண்கள் ஞாபகம் இருக்கா?" மடாதிபதி கேட்டார்.

"மறக்குமா ஃபாதர்?"

"அப்போ இது குழப்பம் இல்லே. ஊகமும் இல்லே. தேர்வு செல்லும்." அவர் எழுந்து, மேசையிலிருந்த அறிவிப்புத் தாளை நான்காகக் கிழித்தார். "நாலு மணிக்கு நான் படிக்கறதா இருந்தேன். நீங்க படிங்க பிரதர். இந்த ஊர் பாஷையில."

மழை வலுத்திருந்தது. படிக்கட்டின் உச்சியில் பிரதர் தெயோஃபில் கையில் தாளே இல்லாமல் நின்றார். லீஸ்பெத் கீழ்ப்படியில், ஆலையிலிருந்து ஓடி வந்திருந்த தன் ஆட்களோடு நின்றாள். ஹெர்லிண்டாவுக்கு யோரிஸ் குடை பிடித்தான்.

"பேதுரு, டி க்ரூக் ஆலை," என்று தொடங்கினார் தெயோஃபில். "ஒன்றும் தொண்ணூறும். எட்டும் எண்பதும். இரண்டும் தொண்ணூறும்."

ஸ்டால்பேக் சந்தையில் மீன் விற்பவர்கூட அத்தனை சுத்தமான ஃப்ளெமிஷில் சொல்லியிருக்க மாட்டார். ஒரு எழுத்துப் பிசகவில்லை. லீஸ்பெத் ஈரப் படியிலேயே உட்கார்ந்து அழுதாள். அவள் ஆட்கள் தொப்பியை வீசினார்கள். பவுலின் எண்களை யாரும் கவனிக்கவில்லை.

சத்தம் அடங்கும்வரை தெயோஃபில் காத்திருந்தார்.

"தோமா, லிண்டர்டால் மடம். ஒன்பதும்..." குரல் உள்ளே போய்விட்டது.

"காதுல விழலே!" பின்வரிசைக் குடை ஒன்றிலிருந்து யாரோ கத்தினார்கள். "சத்தமாச் சொல்லுங்க பிரதர்! எத்தனை?"

யோரிஸின் நாக்கு நுனிக்கு ஒரு கிண்டல் வந்தது. அதை விழுங்கினான். ஹெர்லிண்டா குடைக்கு வெளியே ஓரடி எடுத்து வைத்து நனைந்தபடி நின்றாள்.

தெயோஃபில் மடாதிபதியைப் பார்த்தார். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தெயோஃபில் நிமிர்ந்தார், மூச்சை இழுத்தார், சதுக்கத்தின் கடைசிக் குடைவரை கேட்கும்படி கத்தினார்.

"ஒன்பதும் இருபதும்! தோமாவுக்கு ஒன்பதும் இருபதும்! காய்ச்சினவன் நான்!"